சால்மனுக்கு மரபு தெரியாது

விக்டோரியா காலத்து சால்மன் ஈ கட்டுகிறவர்கள் 'அசல்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: தூண்டில் முள்ளின் மேல் பட்டு நூல், ஜரிகை, இறகு எல்லாம் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஃப்ளை' என்று பெயர். புழுவுக்குப் பதில் இதை வீசி மீன் பிடிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மனுக்கான ஈ நகைமாதிரி ஆகிவிட்டது. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட 'தி சால்மன் ஃப்ளை' அதன் வேதப்புத்தகம். இன்றைக்கும் அந்தச் செய்முறைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிக் கட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நிறையப் பேர் கட்டிய ஈயை ஆற்றில் நனைப்பதே இல்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள்.

மாட்டட்டும், அது அவர்கள் வீட்டுச் சுவர். சிக்கல் எந்த இறகை எடுப்பது என்ற இடத்தில் ஆரம்பிக்கிறது.

'ஜாக் ஸ்காட்' என்று ஒரு புகழ்பெற்ற ஈ. அதன் பழைய செய்முறையைப் பாருங்கள். வாலுக்குப் பொன் ஃபெசன்ட் கொண்டை இறகு, உடம்புக்கு டூக்கானின் மஞ்சள் மார்பிறகு, கழுத்தடியில் கினிக்கோழி, இறக்கைக்கு வான்கோழி, மயில், காட்டு வாத்து, பஸ்டர்ட் (நம்ம கானமயிலின் சொந்தக்காரர்), கொம்புக்கு நீல மக்காவ் கிளி, கன்னத்தில் நீல கொட்டிங்கா, பக்கவாட்டில் காட்டுச்சேவல். தென் அமெரிக்கா, சீனா, இந்தியா எல்லாம் ஒரே கொக்கியில். இதில் 'இந்தியக் காக்கை' என்று ஒரு சிவப்பு இறகும் வரும். அந்தப் பறவை இந்தியாவிலும் இல்லை, காக்கையும் இல்லை. தென் அமெரிக்கக் காட்டுப் பறவை. பெயர் வைத்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில் எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே செய்முறையில் ஒரு வரியை மட்டும் அசல்வாதிகள் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்: மஞ்சள், சிவப்பு, நீலச் சாயம் ஏற்றிய அன்ன இறகு. ஆமாம், சாயம். நீங்கள் கும்பிடும் மரபே வெள்ளை இறகைச் சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மரபுதான். அப்புறம் சாயம் போட்ட வாத்து இறகைப் பார்த்து ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

இந்த மரபு ஆதியிலிருந்து வந்ததும் இல்லை. 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு ஈக்களுக்கான குறிப்பு இருக்கிறது. கம்பளி நூல், சேவல், ஆண் வாத்து, கௌதாரி என்று பெரும்பாலும் கைக்கு எட்டியதை வைத்துக் கட்டியவை. டூக்கானும் கொட்டிங்காவும் பின்னால் வந்தவை, கப்பலில். சீமாட்டிகளின் தொப்பிக்காக லண்டனில் மூட்டை மூட்டையாக இறகு ஏலம் போன காலம் அது. சந்தையில் கொட்டிக் கிடந்ததை எடுத்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு காலத்துச் சந்தை நிலவரத்தை மரபு என்று பெயர் மாற்றிக் கும்பிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மீனின் தரப்பையும் கேட்கலாம். முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரை தின்பதில்லை. அது ஏன் ஈயைக் கவ்வுகிறது என்பதில் தூண்டில்காரர்களுக்குள் இன்னும் சண்டை. ஆனால் கொட்டிங்காவின் நீலத்தையும் சாயத்தின் நீலத்தையும் பிரித்துப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இந்த வெறி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை கர்க் வாலஸ் ஜான்சன் 2018இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். 2009 ஜூனில் ட்ரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து ஒரு புல்லாங்குழல் மாணவர் 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அள்ளிப் போனார். ஈ கட்டுவதில் கெட்டிக்காரர். சில தோல்கள் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சேகரித்தவை. முழுசாகத் திரும்பக் கிடைத்தவை 174, அதிலும் சீட்டோடு இருந்தவை 102 மட்டும். எங்கே, எந்த நாளில் பிடித்தது என்று சொல்லும் சீட்டு போனால் அந்தத் தோல் ஆய்வுக்கு ஏறக்குறைய குப்பை. பழைய கடற்பறவை இறகுகளை வைத்துத்தான் கடலில் பாதரசம் ஏறிய கதையைக் கண்டுபிடித்தார்கள். இனி என்ன கேள்வி வரும் என்று நமக்குத் தெரியாது. பதில் சொல்லக்கூடிய இறகு யாரோ ஒருவரின் வரவேற்பறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் காட்டுச்சேவல் நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைக்காரர். சாம்பல் காட்டுக்கோழி, தென்னிந்தியப் பறவை. வால்பாறைப் பக்கம் விடியற்காலையில் போனால் கூவுவது கேட்கும். ஆண் பறவையின் கழுத்திறகில் மஞ்சள் மெழுகு சொட்டியது மாதிரி கெட்டியான புள்ளிகள் இருக்கும். அதைத்தான் ஈக்குக் 'கண்' வைக்க எடுக்கிறார்கள். வேறு எந்தக் கோழிக்கும் அது இல்லை. பறவையின் பாவம் அதுதான். காட்டுப் பறவைகளின் இறகும் தோலும் ஏற்றுமதியாவதை 1902இலேயே பிரிட்டிஷ் இந்திய அரசு தடை செய்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி இன்று அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். உதிர்ந்த மயிலிறகுக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. ஆகவே "கீழே கிடந்ததுங்க" என்கிற கதை வேண்டாம்.

எதிர்த்தரப்பிடம் ஒரு நல்ல வாதம் உண்டு. கொட்டிங்காவின் நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. எந்தச் சாயமும் அதைக் கொடுக்காது. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். சாயம் போட்ட ஈ கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! அந்த மினுக்கம் வேண்டுமென்றால் பறவையிடமே போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வாதம், பழைய தொப்பியில் இருந்து பிரித்த இறகு சட்டப்படி சரிதானே என்பது. பல இடங்களில் சரிதான். ஆனால் தொப்பிகள் தீர்ந்துகொண்டே வருகின்றன, கேட்கிறவர்கள் தீரவில்லை. விலை ஏறும்போது அடுத்து கை எங்கே நீளும் என்பதை ட்ரிங் காட்டிவிட்டது.

கட்டுகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. இறைச்சிக்கு வளர்க்கும் வாத்தின் தோள் இறகு நல்ல வெள்ளை, சாயம் சீராகப் பிடிக்கும், இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிரியாமல் நிற்கும். வான்கோழி வால் நீளமாக இழை கொடுக்கும், பெரிய கொக்கிக்கு அதுதான். தண்ணீரில் அசைய வேண்டிய இடத்துக்குப் பெட்டைக்கோழியின் மெத்தென்ற இறகு, விறைப்பு வேண்டிய இடத்துக்குச் சேவல். காட்டுச்சேவல் கண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த பறவையின் கழுத்துத்தோல் உரிய காகிதங்களோடு விற்கிறது. காகிதத்தைக் கேளுங்கள். விற்கிறவர் மழுப்பினால், அந்தக் கழுத்து எந்த மலையிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.