மாசி இரவின் மனோதர்மம்

மாசி பிறந்து காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாள் முதலாக, பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில், பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்து ஓய்ந்த கைகள் இராச் சாப்பாட்டுக்குப் பின் தப்பைத் தூக்கிக்கொண்டு காமன் திடலுக்கு வந்து சேரும் காட்சியை, பதுளைச் சீமையில் பிறந்து வளர்ந்த எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. பனி இறங்க இறங்கத் தோல் தளர்ந்துவிடும். ஆகையால் சருகைக் கூட்டித் தீ மூட்டி, தப்பை அதன்மேல் காட்டிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறிவிட்டது என்று கண்ட பிறகே குச்சியை எடுப்பார்கள். ரதியும் மதனும் ஆட வரும்போது ஓர் அடி, வீரபத்திரன் சினந்து வரும்போது வேறோர் அடி என்ற வரையறை உண்டு. ஆனால் ஒரு வரையறைக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒருவர் ஓர் அடியைத் தூக்கிப் போட, எதிரே நிற்பவர் அதை ஏந்தி, மாற்றி, மடக்கித் திருப்பித் தர, மூன்றாமவர் இருவரையும் விட்டு வேறு வழியே போய், கடைசியில் யார் சைகை காட்டினார் என்று தெரியாமலே நால்வரும் ஒரே கணத்தில் ஒன்றுகூடும் அந்த நீண்ட வெளியில் நடப்பது என்னவென்று நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அதை எண்ணும்போது தொலைதேசத்து நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. 1960 டிசம்பர் 21ஆம் தேதி, நியூயோர்க் நகரத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில், ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன் வித்துவான், டான் செர்ரி, எரிக் டால்ஃபி, சார்லி ஹேடன் முதலியோரைச் சேர்த்துக்கொண்டு, நால்வர் நால்வராக இரண்டு குழுக்களை ஒரே வேளையில் வாசிக்க வைத்தார். முன்கூட்டி அமைத்துக்கொண்ட சில சிறு கூட்டு வாசிப்புகளைத் தவிர மற்ற யாவும் அந்த நேரத்தில், ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுத்துப் பிறந்தவையே. இடைநிறுத்தம் இன்றி ஏறத்தாழ 37 நிமிஷம் ஓடிய அந்த வாசிப்பு ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற பெயரில் மறு ஆண்டு இசைத்தட்டாக வந்து, ஒரு சங்கீத சம்பிரதாயத்துக்கே பெயராயிற்று. இதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே லென்னி டிரிஸ்டானோ என்ற பியானோ வித்துவான் மெட்டையோ தாளத்தையோ முன்கூட்டி அமைக்காமல் வாசித்துப் பதிவு செய்தபோது, பதிவு செய்த கம்பெனியாரே அதை வெளியிடத் தயங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய இசையைச் சத்தம் என்று ஒதுக்கும் பழக்கம் எந்தத் தேசத்துக்கும் பொதுவானதே.

கோல்மனும் காமன் திடலும் ஒன்றென்று நான் சாதிக்க வரவில்லை. அவர்கள் தம்முன் இருந்த ஸ்வர ஒழுங்கைத் துறந்து போனார்கள். நம்மவர் ஆட்டக்காரனின் காலை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஆயினும், நிச்சயித்த சிறு பகுதிகளுக்கு இடையே நிச்சயிக்காத பெரும் பரப்பைத் திறந்துவைத்து, அதில் பலர் ஒன்றாகப் படைப்பது என்ற அந்த ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே. கச்சேரி மேடையில் ஆலாபனைக்கும் நிரவலுக்கும் மனோதர்மம் என்று மரியாதையோடு பெயரிட்ட நாம், தோட்டத்து லயத்து வாசலில் நிகழும் இதற்கு மட்டும் ‘தப்படிக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டோம்.

அதற்குக் காரணம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒரு காலத்தில் விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது இதே தப்புத்தான். மலையகக் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பாடியபோது அந்த விடியற்காலை முழக்கத்திலிருந்தே தொடங்கினார். அதுவன்றிச் சாவு வீட்டுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஒரு சாதியார்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாகவும் அது இருந்தது. அந்த ஊழியத்தை உதறிய இளைஞர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் செய்தது நியாயம். அவமானத்தோடு சேர்ந்து வித்தையும் கைநழுவிப் போயிற்றே என்பதுதான் என் வருத்தம். துரையின் கட்டளைக்கு ஒரே மாதிரி அடித்த அந்தக் கைகள் மாசி இரவில் எவருடைய கட்டளையும் இன்றி அடித்தன என்பதை நினைக்கும்போது, இந்த இசைக்குள் எவ்வளவு பெரிய விடுதலை அடங்கியிருந்தது என்று எனக்கு நெஞ்சு விம்முகிறது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகி, தலைமன்னாரை நோக்கிக் கோச்சிகள் புறப்பட்ட காலத்தில், குடும்பங்கள் பிரிந்தது போலவே தப்புச் செட்டுகளும் பிரிந்தன. எழுதிவைத்த பாட்டை எவரும் மீண்டும் பாடிவிடலாம். இருபது வருஷம் எதிரெதிரே நின்று பழகிய இருவரில் ஒருவர் இராமேஸ்வரம் போய் இறங்கிவிட்டால், அவ்விருவருக்கும் இடையே மட்டும் பிறந்துகொண்டிருந்த இசையை எந்த ஏட்டிலிருந்து மீட்பது?

ஆதலால் பதிவு செய்ய வேண்டும் என்கிறேன், அதுவும் முழுமையாக. நாதஸ்வர வித்துவான் இராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்காக வாசித்த தோடியைப் பழைய இசைத்தட்டு தன் சில நிமிஷங்களுக்குள் சுருக்கிக்கொண்டது அந்தக் காலத்துக் கருவியின் குறை. இன்று பையிலுள்ள கைபேசியே ஓர் இரவை முழுவதும் கேட்டு வைத்துக்கொள்ளும். அப்படியிருக்க, கலை விழா ஒன்றில் தப்புக் குழுவுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்து, தோல் காயும் முன்பே மேடையேற்றி, அடி சூடு பிடிக்கும்போது இறக்கிவிட்டதை நான் கண்ணால் கண்டேன். பதிந்து வைத்தால் அந்த ஓர் இரவின் அடியே இலக்கணமாக உறைந்து, அடுத்த தலைமுறை அதையே மனப்பாடம் செய்யும் என்று அஞ்சுவோர் உண்டு. ஒரே ஓர் இரவைப் பதிந்தால் அந்த அச்சம் நியாயமானதே. பத்துத் தோட்டங்களில் பத்து இரவுகளைப் பதிந்தால், எந்த இரவும் மற்றொன்றைப் போல இல்லை என்பதை இளைஞர்கள் தாமே கேட்டறிவார்கள்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற மாசியில் சருகு மூட்டும் நேரத்தில் பதிவைத் தொடங்குங்கள். இடையில் தோல் காய்ச்சும் நேரத்தையும் வெட்டாதீர்கள். விடிந்து தப்பைக் கீழே வைக்கும்வரை நிறுத்தாதீர்கள். அடிப்பவர்கள் தங்கள் பெயரையும், யாரிடம் கற்றார்கள் என்பதையும் தங்கள் வாயாலேயே சொல்லட்டும். அவர்களுக்குரிய கூலியோடு, பதிவின் ஒரு பிரதியையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.