அப்பாவின் பிக்கப்புக்கு மாதச் செலவு

சுங்கை சிப்புட்டில் அப்பா வைத்திருக்கும் டீசல் பிக்கப்பை விற்றுவிடலாம் என்று தம்பி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். 2008-இல் வாங்கியது. இரவுச் சந்தைக்குக் காய்கறி போவது அதில்தான். "இன்ஜெக்டர் நாலும் போயிடுச்சு, 2,400 வெள்ளி. இந்தப் பழசுக்கு இது தேவையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் பழுதுச் செலவைப் பழைய வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் எப்போதும் விற்கத்தான் தோன்றும். புது வண்டியின் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரிங்கிட் கடன், ஒன்பது ஆண்டு, நிலையான வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் 27,000. மாதம் ஏறக்குறைய 1,176 ரிங்கிட். அப்பாவுக்கு இப்போது 64 வயது. கடன் முடியும்போது 73.

அப்பா ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். ஓராண்டுக் கணக்கைக் கூட்டினேன். கிளட்ச், இரண்டு டயர், பேட்டரி, எண்ணெய் மாற்றியது, டைமிங் பெல்ட் எல்லாம் 4,100. இன்ஜெக்டரையும் சேர்த்தால் 6,500. மாதத்துக்கு 540 சொச்சம், தவணையில் பாதிகூட இல்லை. இதில் பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினுக்கே செலவு. கதவுக் கைப்பிடிக்குக் கயிறு போதும். அப்பா கட்டித்தான் வைத்திருக்கிறார்.

டீசல் வேறு கதை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15-இலிருந்து 3.35 ஆனபோது, 70 லிட்டருக்கு 84 ரிங்கிட் கூடியது. அப்போது கிடைத்த புடி மடானி உதவி 200 ரிங்கிட், இரண்டு தடவை ஊற்றினால் ஏற்பட்ட கூடுதல் செலவைத் தாங்கியது. அப்பா மாதம் மூன்று தடவை ஊற்றுகிறார். ஆனால் புது டீசல் வண்டியும் இதே பம்புக்குத்தானே போகும்?

தம்பி சொன்ன ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. இன்ஜெக்டர் போனபோது இரண்டு இரவு வியாபாரம் நின்றது. கீரை மறுநாள்வரை காத்திருக்காது. அந்த நட்டத்துக்கு ரசீது கிடையாது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். நானும் தம்பியும் மாதம் ஆளுக்கு 250 ரிங்கிட் வண்டிக்கென ஒதுக்குவோம். பழுதாகும்வரை காத்திருக்காமல், தேயும் பாகங்களை முன்கூட்டியே மாற்றுவோம். சேஸியில் துரு ஓட்டை போட்டால் மறுபேச்சில்லாமல் விற்றுவிடுவோம்.

போன வாரம் மெக்கானிக் அடியில் படுத்து, சுத்தியலால் சேஸியை நெடுகத் தட்டிப் பார்த்தார். "மேல் துருதான் அண்ணே. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்."

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி கைப்பேசியைப் பார்த்தான்.