முட்டு வலியும் நின்றுபோன நடையும்

நவம்பர், ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்றளிக்கும் மாதம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் வங்கி வரிசையில் ஒரே சொல்லால் குறைப்பட்டுக்கொள்வதை ஆண்டுதோறும் கேட்கிறோம். அச்சொல், இரு மொழிக்கும் பொதுவான ‘முட்டு’. “முட்டு தேய்ந்துவிட்டது, அதனால் நடப்பதை நிறுத்திவிட்டேன்” என்பர். அந்த ‘அதனால்’ எங்களுக்கு உடன்பாடன்று.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் சுரக்கும் வழவழப்பான நீரே அதற்கு உணவு. மூட்டு அழுந்தியும் தளர்ந்தும் அசைந்தால்தான் அந்நீர் உள்ளே ஊறும். வண்டி அச்சு உருள உருளத் தேய்வதுபோல் மூட்டும் தேயும் என்னும் உவமை இங்குப் பொருந்தாது. மேலும், நடையை நிறுத்தினால் தொடைத் தசை மெலிகிறது. தசை தாங்கவேண்டிய சுமை மூட்டின்மேல் விழுகிறது. எண்ணெயிட்டு உழிவது இதமளிக்கும், தசையை வளர்க்காது.

விடியுமுன் ரப்பர் வெட்டச் செல்வோர், “எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?” என்பர். நியாயமான கேள்வி. ஆயினும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் உழைப்பு எல்லாத் தசைகளையும் உரமாக்குவதில்லை.

மறுபுறம், ஓய்வு பெற்ற மறுநாளே ஐந்து கிலோமீட்டர் ஓடி, முழங்காற்சில்லைச் சுற்றி வலியை வரவழைத்துக்கொள்வோரும் உளர். தொடர் வைப்புக் கணக்கில் முதல் மாதமே ஓராண்டுத் தவணையைக் கட்ட எவரும் முனைவதில்லையே! உடல் எடை மிகுந்தோர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என ஆய்வு கண்டுள்ளது.

பயிற்சிக்குப் பின் தோன்றும் சிறு வலி மறுநாளுக்குள் தணியுமாயின் அஞ்சவேண்டுவதில்லை. வீக்கம் நீடித்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் கால் நழுவினாலோ மருத்துவரை நாட வேண்டும். மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்வது நன்று. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியபோது பலரைப் பல மாதங்கள் வாட்டிய மூட்டுவலி தேய்மானத்தால் வந்ததன்று. எல்லா முட்டு வலிக்கும் காரணம் ஒன்றேயன்று.

எழுபது வயது கடந்தோருக்கு வங்கிச் சேவை வீடு தேடி வரவேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இயலாதோர் அதைத் தயங்காமல் கேட்கலாம். இயன்றோர் நடந்தே வருக. காத்திருக்கையில், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமரலாம். தொடைக்கு நல்ல பயிற்சி. சிலர் தொடங்கிவிட்டனர். எண் அழைக்கப்பட்டதென்று நினைத்து எழுகிறார்கள் போலும் என்றே முதலில் எண்ணினோம்.