இலை தாமதமாக உதிர்ந்தால் என்ன பொருள்?

தைப் பொங்கல் கழிந்ததும் பிள்ளைகளைப் பார்த்துவரச் சென்னைக்குப் புறப்படும் விவசாயிகள் பலர். அவர்களில் யாரேனும் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டியுள்ள ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் போனால், தெருவோரத்து வாதாம் மரங்களைச் சற்று நின்று கவனிக்கலாம். நாட்டு வாதுமை என்றும் சொல்லப்படும் இம்மரத்தின் அகன்ற இலைகள் உதிருமுன் மஞ்சளாகிப் பின்பு நல்ல சிவப்பாக மாறும். ஒரு வருடம் தை மாதத்திலேயே கிளைகள் வெறிச்சோடிவிடும். இன்னொரு வருடம் மாசி பிறந்தும் பச்சை மாறாது நிற்கும். ஒரே தெருவில் ஒரு மரம் மொட்டையாகவும் அதற்கு எதிர்ப்புறத்து மரம் தழைத்தும் நிற்பதும் உண்டு.

கிராமத்தில் வேம்பிலும் புங்கிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். ஆனால் அதைக் காண்பவர்களில் பலர், "காலம் கெட்டுவிட்டது" என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் மரத்துக்கு ஏதோ நோய் என்று எண்ணி உரமும் மருந்தும் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். இரண்டுமே சரியல்ல. இலை உதிரும் காலம் என்பது, நிலத்தடியில் எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்பதற்கு மரம் காட்டும் கணக்கு. அதைப் படிக்கப் பழகிக்கொண்டால் சிறு விவசாயிக்குப் பல வீண் செலவுகள் மிச்சமாகும்.

குளிர் நாடும் நம் நாடும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். அங்கே பகல் வேகமாகக் குறைகிறது. லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பகல் குறைவதையும் குளிர் ஏறுவதையும் கொண்டு அங்குள்ள மரங்கள் இலையை உதிர்க்கத் தயாராகின்றன. குளிர் வரத் தாமதமானால் இலை உதிர்வதும் பொதுவாகத் தாமதமாகும்.

சென்னையிலோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். மரத்தைக் கொல்லும் உறைபனியும் இல்லை. மேலும், அவர்களுடைய இலையுதிர் காலம் நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். அப்போது நம் மரங்கள் செழித்து நிற்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் இலை உதிர்வுக்கென்று தனிப் பருவமே இல்லை. நம் மரங்கள் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை, அதாவது மழை நின்று மண் காயத் தொடங்கியபின் உதிர்க்கின்றன. குளிர் நாட்டு மரம் குளிருக்கு அஞ்சுகிறது; நம் மரம் வறட்சிக்கு அஞ்சுகிறது.

இலை எப்படி உதிர்கிறது?

இலை மரத்துக்கு உணவு சமைத்துத் தருகிறது. ஆனால் அதே இலை வழியாகத்தான் மரத்தின் நீரும் ஆவியாகப் போகிறது. வேர் எடுத்துத் தரும் நீர் குறைந்தபின் எல்லா இலைகளையும் வைத்துக்கொண்டிருப்பது, வரவு நின்றபிறகும் பழைய செலவைத் தொடர்வதற்கு ஒப்பாகும். எனவே மரம் செலவைக் குறைக்கிறது.

முதலில் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அது மறைந்ததும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறப் பொருள்கள் வெளியே தெரிகின்றன. வாதாம் போன்ற மரங்களில் சிவப்பு நிறப் பொருளும் புதிதாக உண்டாகிறது. இதற்கிடையில் இலையிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரம் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பின்பு காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று தளர்கிறது. எத்திலீன் என்னும் வாயு இத்தளர்ச்சியைத் துரிதப்படுத்துகிறது. இலை கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் தழும்பு மூடிக்கொள்கிறது. இது மரம் தானே ஒழுங்காகச் செய்யும் வேலை. இதில் நோய் எதுவும் இல்லை.

ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருவது. இந்த மழை ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறும். 2015-ல் தமிழ்நாட்டில் இம்மழை இயல்பைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது அந்த ஆண்டில்தான். அடுத்த 2016-லேயே இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2021-ல் பருவமழை ஜனவரி 19-ஆம் தேதி வரை நீடித்தது; டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்தது.

மழை தை வரை நீண்டால் அடி மண்ணில் ஈரம் நிற்கும். வேருக்கு நீர் கிடைக்கும்வரை மரத்துக்கு இலையை உதிர்க்கும் அவசரம் இல்லை. மழை கார்த்திகையிலேயே ஓய்ந்துவிட்டால் உதிர்வு முந்திக்கொள்ளும். மண்ணின் தன்மையும் இதில் சேரும். ஆழமில்லாத செம்மண், சரளை நிலங்களில் ஈரம் சீக்கிரம் வற்றுவதால் மரங்கள் முன்னதாக உதிர்க்கும். ஆழமான கரிசலிலும் ஆற்றோர வண்டலிலும் பிந்தும். வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் நிற்கும் வேம்பு முழுதும் மொட்டையாகாமலே இருந்துவிடுவதும் உண்டு. சென்னைத் தெருவில் இரண்டு மரங்கள் இருவிதமாக நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒன்றின் வேருக்கு வீட்டுக் கழிவுநீரோ தண்ணீர்க் குழாயின் கசிவோ எட்டியிருக்கும். மற்றதைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்டு பூசப்பட்டிருக்கும்.

புயல் பறித்த இலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தப்பி நின்றவற்றின் இலைகளையும் உருவிச் சென்றது. அப்படிப் போன இலையின் சத்து கிளைக்குத் திரும்புவதில்லை. மரத்துக்கு அது நட்டமே.

தாமதம் நல்லதா, கெட்டதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பயிருக்குப் பயிர் மாறும்.

கிணற்றுப் பாசனக்காரருக்கு அது பெரும்பாலும் நல்ல செய்தி. அடி மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். தென்னைக்கும் தோட்டக்கால் பயிருக்கும் வழக்கமான தேதி வந்துவிட்டது என்பதற்காக நீர் கட்ட ஓட வேண்டியதில்லை. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, மண்ணை உருண்டை பிடித்துப் பார்த்தபின் மோட்டாரைப் போடலாம். டீசல் மிச்சம், கிணற்று நீரும் கோடைக்கு மிஞ்சும்.

மா விவசாயிக்கு அது எச்சரிக்கை. மா ஒரேயடியாக இலை உதிர்க்கும் மரமன்று. ஆனால் பூக்குமுன் அதற்கும் குளிர்ந்த, வறண்ட ஓய்வு தேவை. அந்தச் சமயத்தில் மழை தொடர்ந்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் வரும், பூ பிந்தும். அத்தகைய ஆண்டில் பூ வரவில்லையே என்று கவலைப்பட்டு நீரும் யூரியாவும் கொடுத்தால் தளிர் இன்னும் கூடும். பொறுத்திருப்பதே நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிக்கு இது மேலும் முக்கியம். ரப்பர் மரங்கள் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துப் பின்பு ஒருசேரத் துளிர்க்கும். உதிர்வு சீராக இல்லாமல் நீண்டுகொண்டே போனால், இளந்தளிர்கள் பனி மூட்டத்தில் நெடுநாள் அகப்பட்டுச் சாம்பல் நோய் மிகும். அந்த ஆண்டுகளில் கந்தகத்தூள் தூவுவதைத் தேதி பார்த்து அல்லாமல் தளிரைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

வேம்பு தாமதமாக உதிர்ந்து தாமதமாகத் துளிர்த்தால் பூவும் பழமும் பிந்தலாம். வேப்பங்கொட்டை பொறுக்கும் வேலையை அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஏக்கருக்குத் தெளிக்க வேண்டிய 200 லிட்டர் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலுக்குப் பருப்பு 10 கிலோ போதும். இதைச் சொந்த மரத்தடியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எது நோய்?

எல்லா உதிர்வும் இயற்கையானது என்று சொல்வதற்கில்லை. இயல்பான உதிர்வில் முதிர்ந்த இலைகள் முதலில் நிறம் மாறி, மரம் முழுதும் ஏறத்தாழ ஒரே சீராக விழும்; கிளைகள் உயிரோடு இருக்கும். நகத்தால் கிள்ளிப் பார்த்தால் பட்டைக்கு அடியில் பச்சை தெரியும். பச்சை இலை புள்ளிகளோடு விழுந்தாலும், இளங்கிளைகள் நுனியிலிருந்து கருகினாலும், ஒரு பக்கத்துக் கிளை மட்டும் காய்ந்தாலும் அது நோயோ பூச்சியோ ஆகும். வேம்பில் தேயிலைக் கொசுவும் ஒருவகைப் பூஞ்சணமும் இத்தகைய நுனிக்கருகலை உண்டாக்குகின்றன. மழைநீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை காலமல்லாக் காலத்தில் மஞ்சளாகி விழும். அதற்கு வேண்டியது வடிகால். ஐயம் இருந்தால் மருந்து வாங்குமுன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் காட்டுவது நல்லது.

விழுந்த இலை குப்பையன்று

உதிர்ந்த இலையைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கம் கிராமத்திலும் நகரத்திலும் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இது காசைக் கொளுத்துவதற்குச் சமம். தழைச்சத்தில் பாதியை மரம் எடுத்துக்கொண்டாலும் மீதி இலையில்தான் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தையோ மரம் திரும்ப எடுப்பதே இல்லை. தீயில் தழைச்சத்து புகையோடு போகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மரத்திலிருந்து பச்சையாக வெட்டிய தழையும் தானே விழுந்த சருகும் ஒன்றல்ல. புங்கு, வாதநாராயணன், கிளிரிசிடியா போன்றவற்றின் பசுந்தழையை ஏக்கருக்கு இரண்டரை டன் வீதம் நெல் வயலில் மிதிக்கலாம். சருகை அப்படி நடவுக்கு முன் மிதித்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். இளம் பயிர் வெளிறும். சருகை மரத்தூரில் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் போடலாம். அடிமரத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். அல்லது சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் குழியில் அடுக்கி மக்கவைத்தபின் வயலுக்குக் கொண்டுபோகலாம். மரம் புதிதாகத் துளிர்த்த உடனே தழைக்காக வெட்டுவதும் தவறு. சேமிப்பை எல்லாம் செலவிட்டுத்தான் மரம் அத்தளிரை விட்டிருக்கிறது. இலை முற்றிய பிறகே வெட்ட வேண்டும்.

நாட்காட்டியின் பின்புறம் போதும்

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி மரம் பூத்த நாள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. காலநிலை மாறுவதை அறிய இன்று விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளை நாடுகிறார்கள். நம் நாட்டிலும் 2010 முதல் மரங்களின் பூ, காய், தளிர்க் காலங்களைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டும் பொதுமக்களைக் கொண்டும் குறிக்கும் "சீசன் வாட்ச்" என்னும் திட்டம் நடந்து வருகிறது. இது விவசாயிகளின் வேலையும் ஆக வேண்டும்.

செலவு ஒன்றுமில்லை. நிலத்தில் நிற்கும் வேம்பு ஒன்று, புங்கு ஒன்று எனத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நல்ல மழை பெய்த நாள், இலை பழுக்கத் தொடங்கிய நாள், பாதி மரம் உதிர்ந்த நாள், புதுத்தளிர் கண்ட நாள், அன்று கிணற்றில் நின்ற நீர் மட்டம் ஆகிய ஐந்தையும் நாட்காட்டியின் பின்புறத்தில் ஆண்டுதோறும் எழுதினால் போதும். எழுதப் படிக்கும் பிள்ளையிடம் இதை ஒப்படைக்கலாம். ஓர் ஆண்டுக் குறிப்பால் பயனில்லை. நாலைந்து ஆண்டுகள் சேர்ந்தபின், இந்த நிலத்தில் இந்த மரம் இத்தனை நாள் பிந்தினால் கிணறு எந்த மாதம் வரை தாங்கும் என்பது அந்த விவசாயிக்கே புலப்படத் தொடங்கும். மாநிலம் முழுமைக்கும் பொதுவாகச் சொல்லப்படும் எந்தத் தேதியும் அவருடைய இரண்டு ஏக்கருக்கு அவ்வளவு பொருந்தாது.

மரம் வருங்காலத்தைச் சொல்லும் சோதிடனன்று. அடுத்த மழை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. பெய்த மழையில் எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் அது சொல்கிறது. கோடையில் எதை விதைப்பது, எதை விடுவது என்று தை, மாசியில் முடிவு செய்யும் சிறு விவசாயிக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுவே.