தட்டார் வீட்டுப் பிள்ளை

1492. ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் இளைஞர் அல்சாஸ் பகுதியின் கோல்மார் நகருக்கு வந்து சேர்ந்தார். தேடி வந்தது மார்ட்டின் ஷோன்கௌவரை. ஆனால் காலம் கடந்துவிட்டது. பிரைசாக் தேவாலயத்தில் சுவரோவியம் தீட்டப் போன ஷோன்கௌவர், 1491-ல் அங்கேயே இறந்துபோயிருந்தார். டியூரரை வரவேற்றவர்கள் அவரது சகோதரர்கள்.

அப்பா காஸ்பர், ஆக்ஸ்பர்க்கிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். மகன்களில் சிலரும் அதே தொழில்தான். மார்ட்டினை மட்டும் படிக்க அனுப்பினார்கள். 1465-ல் லைப்சிக் பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஏட்டுப் படிப்பு நிலைக்கவில்லை. தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்தவர் என்று கோல்மார் ஓவியர் காஸ்பர் இசன்மனைச் சொல்வார்கள். பிளெமிஷ் மேதை ரோஜியர் வான் டெர் வைடன் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் கிறிஸ்துவை மார்ட்டின் பார்த்து வரைந்த படம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனாலும் அவரை உலகம் அறியச் செய்தது பட்டறையில் பழகிய கைதான். நகைமீது நகாசு வேலை செய்கிற அதே கூர் உளியைச் செப்புத் தகட்டில் ஓட்டினார். கோட்டுப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். அமிலத்தால் தகட்டை அரிக்கவிடும் முறை பின்னாளில், 16-ம் நூற்றாண்டில்தான் பரவியது. இவருக்கு எல்லாமே மணிக்கட்டு. அச்சில் இடவலம் மாறும் என்பதால் எதையும் தலைகீழாக யோசிக்க வேண்டும். உருண்ட தோளுக்கு வளைகோடு, நிழலுக்குக் குறுக்குக்கோடு என்று அவர் வகுத்த இலக்கணத்தை டியூரர் பிறகு உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

சுமார் 116 தகடுகள் அவருடையவை. பேய்கள் புனித அந்தோணியாரை ஆகாயத்தில் பிய்த்து இழுக்கும் படம் இத்தாலிவரை போயிற்று. சிறுவன் மைக்கலாஞ்சலோ அதை வண்ணத்தில் பிரதி செய்தார். பேய்களின் செதில் நிறம் சரியாக வர வேண்டுமே என்று மீன் கடைக்குப் போய் மீன்களைப் பார்த்தாராம்.

ஓவியங்களில் மிஞ்சியவை சொற்பம். 1473-ல் தீட்டிய 'ரோஜாத் தோட்ட மாதா' 1972-ல் தேவாலயத்திலிருந்து திருடுபோய் மறு ஆண்டு மீண்டது. இன்றும் கோல்மாரில்தான் இருக்கிறது. ஊரார் அவரை 'அழகு மார்ட்டின்' என்றே அழைத்தார்கள். சந்திக்கக் கொடுத்துவைக்காத டியூரர், தன் கைக்கு வந்த மார்ட்டின் படங்களில் அந்தச் செல்லப்பெயரைத்தான் எழுதிவைத்தார்.