கல் போன பள்ளம் தந்த தண்ணீர்!

2017-ம் ஆண்டு சென்னையில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். முந்திய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. ஏரிகள் வறண்டன. தெருக்களில் காலிக் குடங்கள் வரிசை பிடித்து நின்றன.

அந்த நேரத்தில் நகருக்குக் கைகொடுத்தவை எவை தெரியுமா? யாரும் திரும்பிப் பாராமல் கிடந்த கல்குவாரிகள்!

மாங்காட்டுக்குப் பக்கத்தில் உள்ளது சிக்கராயபுரம். கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய கருங்கல்லை, அங்கே வெடி வைத்து உடைத்து எடுத்தார்கள். பிறகு வேலை நின்றது. 22 பள்ளங்கள் மிஞ்சின.

பள்ளம் குளமானது

மனிதன் விட்டுப் போன இடத்தில் இயற்கை வேலையைத் தொடங்கியது. மழைநீர் தேங்கியது. பாறை இடுக்குகளிலிருந்து நிலத்தடி நீரும் கசிந்து சேர்ந்தது.

ஏரி அகலமானது, ஆழம் குறைவு. அதன் நீரை வெயில் விரைவில் குடித்துவிடும். குவாரியோ ஆழமானது. ஆகவே கோடையிலும் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் நின்றால் உயிர்கள் வந்து சேரும். பறவைகளின் எச்சத்தில் விழும் விதையிலிருந்து, பாறை வெடிப்பில் ஆலும் அரசும் முளைக்கும். மீன்கொத்தியும் நீர்க்காகமும் இரை தேடி வரும்.

20 லட்சம் குடம்

அதிகாரிகள் சிக்கராயபுரத்துத் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். குழாய் வழியாகச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நாள் ஒன்றுக்கு 3 கோடி லிட்டர் எடுப்பது என்று திட்டமிடப்பட்டது. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்றால், அது 20 லட்சம் குடம்!

2019-ம் ஆண்டு ஏரிகள் மறுபடி வறண்டன. அப்போதும் இந்தக் குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுக்கப்பட்டது.

அழகும் ஆபத்தும்

ஆனால், இதே குவாரிகள் உயிரையும் வாங்கும். ஏரியின் கரை சரிவாக இறங்கும். குவாரியின் கரை அப்படி அல்ல, சுவர்போல நிற்கும். ஓர் அடி தவறினால், அடுத்த அடிக்குத் தரை இல்லை! விடுமுறை நாளில் குளிக்கப் போகும் பிள்ளைகள் குவாரிகளில் மூழ்கி இறப்பது தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி.

இன்னொரு கேடு குப்பை. பள்ளத்தைக் கண்டால் குப்பை லாரிக்கு ஆசை வந்துவிடும். கழிவு கலந்தால், குடிக்க வேண்டிய தண்ணீர் விஷமாகிவிடும்.

யார் பொறுப்பு?

கல் இருக்கும்வரை குவாரிக்காரருக்கு லாபம், அரசுக்கு வருமானம். கல் தீர்ந்ததும் லாரிகள் போய்விடுகின்றன. பள்ளம் மட்டும் ஊருக்கு என்று நிற்கிறது.

இது நியாயமா? குவாரியை மூடும் முன்பே சுற்றிலும் வேலி போட வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும். தண்ணீரை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பஞ்சம் வந்த பிறகு பள்ளத்தைத் தேடி ஓடுவதைவிட, இதற்கு ஆகும் செலவு குறைவு.

பள்ளத்தை நிரப்பும் வேலையை மழை கூலி கேட்காமல் செய்கிறது. அதைக் காக்கும் வேலை மனிதனுடையது.