எடுத்துப் போட்டால் தீருமா?

“புள்ளைங்க பெத்தாச்சு, இன்னும் அந்தப் பை எதுக்கு? எடுத்துப் போட்டுட்டு வா.” கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பெண் “கர்ப்பப்பை இறங்கிடுச்சு” என்று வாய் திறந்தால் வீட்டிலும் களத்திலும் கிடைக்கும் யோசனை இதுதான். வாய் திறக்கவே அவளுக்குப் பல வருஷம் ஆகியிருக்கும். அதுவரை மல்லாட்டைக் களையெடுப்பில் குந்தி எழும்போதெல்லாம், இறங்கியதைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலை பார்த்திருப்பாள்.

பையின் மேல் பழி போடுவதிலேயே தப்பு தொடங்குகிறது. இடுப்பின் அடியில் தூளி போல விரிந்த தசைகளும், மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைநார்களும்தான் கர்ப்பப்பையைத் தாங்குகின்றன. பிரசவத்தில் அவை நைந்துபோகின்றன. மாதவிலக்கு நின்றபின் இன்னும் தளர்கின்றன. தீராத இருமலும் மலச்சிக்கலும் தலைச்சுமையும் மிச்சத்தைச் செய்கின்றன. தூளித்துணி நைந்தால் குழந்தையை எடுத்துக் கீழே விட்டுவிட்டுத் தூளி சரியாகிவிட்டது என்போமா? சிறுநீர்ப்பையும் மலக்குடலும்கூட அதே தூளியில்தான் கிடக்கின்றன, அவையும் சரியலாம். பையை எடுத்த பிறகு பிறப்புறுப்பின் மேல்முனையே இறங்கி வருவதுண்டு. எடுப்பதைவிட, எடுத்த இடத்தை இழுத்துக் கட்டுவதில்தான் அந்த ஆபரேஷனின் சூட்சுமம் இருக்கிறது.

“வச்சிருந்தா புத்துநோயாயிடும்” என்ற மிரட்டலுக்கு ஒரு வரி போதும்: இறக்கம் புற்றுநோயாக மாறாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். அதற்கான பரிசோதனையை முப்பது வயதைக் கடந்த எல்லாப் பெண்களும், இறக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்துகொள்ள வேண்டும்.

“வேற வழியே இல்லை” என்பது அடுத்தது. இருக்கிறது. ஆரம்பக்கட்ட இறக்கத்துக்கு, சொல்லிக்கொடுப்பவர் கண்காணிப்பில் குறைந்தது 16 வாரம் இடுப்படித் தசைப் பயிற்சி என்கிறது பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, பிடித்து, விடுவதுதான் பயிற்சி. சிறுநீர் கழிக்கும்போது செய்யக்கூடாது. முற்றிய இறக்கத்தை இது மேலே ஏற்றிவிடாது. அங்கே பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிலிகான் ரிங் கைகொடுக்கும். அளவு பார்த்து வைத்துவிட்டால் அதோடு நடவுக்கும் போகலாம். கழற்றிக் கழுவி மாட்டவும் பழகலாம். ஆனால் வைத்ததை மறந்து வருஷக்கணக்கில் விட்டால் உள்ளே புண்ணாகும். ஆபரேஷனே வேண்டுமென்றாலும், பையை வைத்துக்கொண்டே இழுத்துக் கட்டும் முறைகளை மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் எப்போதோ வகுத்துவிட்டார்கள். பிறப்புறுப்பு வழியாக வலை பொருத்தும் சிகிச்சையை மட்டும் யோசித்தே ஏற்க வேண்டும். இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது.

பையை எடுப்பதே சரியாக இருக்கும் பெண்களும் உண்டு. அவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. அந்த நாட்களின் கூலி போகும் என்பதை யோசனை சொல்பவர்கள் சொல்வதே இல்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுவது உச்ச நீதிமன்றம் வரை போய், அதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உத்தரவானது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரல்: “வயசானா வரும், தாங்கிக்க.” செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் ரூவ்செக் அமைப்பின் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் தோழிகளும் இந்த நோயோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவத்தைக் கேட்டு எழுதிய ஆய்வு 1999இல் வெளிவந்தது. கேட்டால் பேசுகிறார்கள். கேட்பவர்தான் குறைவு.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த உறுப்பு இறங்கியிருக்கிறது, எந்தக் கட்டம், ரிங் வைத்துப் பார்க்கலாமா. சிறுநீர் அடைத்தாலோ, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ அன்றே போங்கள். இன்னொன்று: நாளெல்லாம் நின்று சாயங்காலம் இறங்குவது, காலையில் படுக்கவைத்துப் பார்த்தால் தெரியாமல் போகலாம். நின்று, முக்கி, இருமிக் காட்டுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.